அப்பா போனில் அஞ்சாம் வகுப்பு: சின்னப் பிள்ளைகளோடு வாட்ஸ்அப்பில் தொடர்பு வைத்துக்கொள்வது எப்படி

முதலில் ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். போனை அப்புறம் எடுக்கலாம்.

திருமங்கலத்துக்கும் உசிலம்பட்டிக்கும் நடுவில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான் அஞ்சாம் வகுப்பு எடுக்கிறேன். பள்ளி விட்ட பிறகும் விடுமுறையிலும் பிள்ளைகளோடு எப்படிப் பேசுவது என்று புதிதாக வேலைக்கு வரும் டீச்சர்கள் கேட்பார்கள். எந்த ஆப் நல்லது என்றுதான் அநேகமாகக் கேள்வி ஆரம்பிக்கும். ஆப் ஒரு விஷயமே இல்லை. எல்லார் வீட்டிலும் இருப்பது வாட்ஸ்அப்தான், அதுவே போதும். யாருடைய போன், எப்போது வீட்டுக்கு வரும் என்பதுதான் விஷயம். அதற்குத்தான் அந்த நோட்டு.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி எழுதுங்கள். இவனுக்கு அப்பா போன். அவர் லோடு வண்டி ஓட்டுகிறார், ராத்திரி எட்டு மணிக்குத்தான் போன் வீடு சேரும். இவளுக்கு அம்மா போன். அம்மா பூப்பறிக்கப் போகிறவர், விடிவதற்கு முன்னாலேயே அந்தப் போன் டார்ச் லைட்டாக மல்லிகைத் தோட்டத்தில் இருக்கும், காலை பத்துக்கு மேல்தான் எடுத்துப் பார்ப்பார். இன்னொருத்திக்குக் காலேஜ் படிக்கும் அண்ணன் போன். அவன் மனசு வைத்தால்தான் செய்தி போய்ச் சேரும். அப்பத்தாவிடம் வளர்கிற பையன் வீட்டில் பட்டன் போன்தான். இந்த நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே செய்தியை அனுப்பிவிட்டு, "பதிலே வரவில்லை, பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று சொல்வதில் நியாயமில்லை.

பிள்ளைக்கென்று தனிப் போன் வாங்கித் தரச் சொல்லவே சொல்லாதீர்கள். வாட்ஸ்அப் வைத்துக்கொள்ள 13 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் விதி. அஞ்சாம் வகுப்புப் பிள்ளைக்குப் பத்து வயது.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். நீங்கள் அனுப்புவது பிள்ளைக்கு, கேட்பது வீடே. குரல் பதிவு வந்தால் அப்பா ஸ்பீக்கரில் போடுவார், சமையல்கட்டிலிருந்து அம்மா காது கொடுப்பார், பக்கத்து வீட்டு அத்தைகூட எட்டிப் பார்ப்பார். அதனால் குறை சொல்ல இது இடமே இல்லை. "உங்க பையன் வீட்டுப்பாடம் எழுதலை" என்று நீங்கள் சாதாரணமாகத்தான் சொல்லியிருப்பீர்கள். அந்த வீட்டில் அன்றைக்கு யாருக்கு என்ன கோபமோ, அடி விழுவது பையனுக்கு. குறையை வகுப்பில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொள்ளலாம். பாராட்டு மட்டும் போனில் போகட்டும். வகுப்பில் சொன்னால் இருபது பிள்ளைகள் கேட்பார்கள். வீட்டில் அப்பா கேட்கிறாரே, அந்தப் பாராட்டின் எடையே வேறு.

குரூப்பா, தனித்தனியா?

இரண்டும் வேண்டும், ஆனால் வேலை வேறு. குரூப்பை அறிவிப்புப் பலகையாக மட்டும் வையுங்கள்: நாளைக்கு விடுமுறை, தடுப்பூசி போட வருகிறார்கள், சீருடை வந்துவிட்டது, இவ்வளவுதான். அட்மின் மட்டும் செய்தி அனுப்பலாம் என்ற அமைப்பை முதல் நாளே போட்டுவிடுங்கள். போடாவிட்டால் காலையில் ஐந்து குட்மார்னிங், மீனாட்சி அம்மன் படம் மூன்று, தேர்தல் நேரமென்றால் இன்னும் என்னென்னவோ வரும். நடுவில் உங்கள் அறிவிப்பைத் தேட வேண்டியதுதான்.

குரூப்பில் சேர்ந்தால் எல்லாருடைய நம்பரும் எல்லாருக்கும் தெரியும். கிராமத்தில் பல அம்மாக்களுக்கு இது பிடிக்காது, பிடிக்காததில் தப்பும் இல்லை. அவர்களுக்கு பிராட்காஸ்ட் லிஸ்ட் நல்லது. ஒரே செய்தி தனித்தனியாகப் போய்ச் சேரும், ஒருவர் நம்பர் இன்னொருவருக்குத் தெரியாது. ஒரு சிக்கல் உண்டு: உங்கள் நம்பரை அவர்கள் தங்கள் போனில் சேமித்து வைத்திருந்தால்தான் அந்தச் செய்தி அவர்களுக்குப் போகும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரும்போது அங்கேயே, உங்கள் கண்ணெதிரே, "அஞ்சாப்பு டீச்சர்" என்று சேமிக்கச் சொல்லுங்கள். சேமிக்கத் தெரியாதவர்களுக்கு நீங்களே செய்து கொடுங்கள்.

முடிந்தால் இதற்கென்று தனி சிம் ஒன்று வைத்து, அதில் வாட்ஸ்அப் பிசினஸ் போட்டுக்கொள்ளுங்கள். இலவசம்தான். அதே போனில் சாதாரண வாட்ஸ்அப்பும் ஓடும். ராத்திரி எட்டரைக்கு மேல் யாராவது எழுதினால் "காலையில் பேசுகிறேன்" என்று அதுவே பதில் அனுப்பும்படி வைக்கலாம். டீச்சருக்கும் வீடு இருக்கிறது.

நாற்பது வினாடிக் குரல்

இனிதான் முக்கியமானது. எழுத்தில் அனுப்பாதீர்கள், குரலில் அனுப்புங்கள். தட்டுத்தடுமாறி வாசிக்கும் பிள்ளைக்கும், வாசிக்கத் தெரியாத அப்பத்தாவுக்கும் குரல் புரியும். வீடியோ வேண்டாம், டேட்டாவைத் தின்றுவிடும். ஒரு நாளுக்கான டேட்டாவை அண்ணன் மத்தியானமே முடித்திருப்பான்.

ஒரு நாளைக்கு நாலு பிள்ளை போதும். இருபது பேர் இருந்தாலும் ஒரு வாரத்தில் எல்லாரும் வந்துவிடுவார்கள். யாருக்கு அனுப்பினோம் என்று நோட்டில் தேதி போடுங்கள். போடவில்லையென்றால் நன்றாகப் படிக்கிற ஐந்து பேருக்கே திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருக்கும், நமக்கே தெரியாது.

மைக்கை அழுத்தி மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், விரலை எடுத்துவிட்டுப் பேசலாம். அனுப்புவதற்கு முன் ஒருமுறை போட்டுக் கேளுங்கள். பின்னால் குக்கர் விசில் கேட்டால் பரவாயில்லை, நீங்கள் அலுப்போடு பேசுவது கேட்டால் அழித்துவிட்டு மறுபடி பேசுங்கள்.

பெயரில் ஆரம்பியுங்கள். எங்கள் பக்கம் வகுப்புக்கு நாலு பாண்டி இருப்பார்கள், இனிஷியலோடு சொல்ல வேண்டும். அடுத்து, அந்தப் பிள்ளை செய்த ஒரே ஒரு காரியத்தை, அது எதுவென்று தெரியும்படி சொல்லுங்கள். "சூப்பர்", "வெரி குட்", கட்டைவிரல் எல்லாம் எல்லாருக்கும் போகிறவை. தனக்கென்று வந்தது எது என்பது பிள்ளைக்குத் தெரியும்.

ஒரு மாதிரி தருகிறேன். 'எங்கள் வீட்டு ஆடு' என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு பிள்ளை நோட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். ஆட்டுக்கு நாலு கால், இரண்டு கொம்பு என்று வழக்கமாகப் போய்க்கொண்டிருந்த பக்கத்தில், கடைசிக்கு முந்தின வரி இது: "ஆடு குட்டி போட்ட அன்னைக்கு அம்மா வேலைக்குப் போகவில்லை." நான் அனுப்பிய பதில் இப்படி:

"தங்கம், டீச்சர் பேசுறேன். ஆடு குட்டி போட்ட அன்னைக்கு அம்மா வேலைக்குப் போகலைன்னு எழுதியிருக்கியே, அதை ரெண்டு தடவ படிச்சேன். அம்மா அன்னைக்கு என்னென்ன செஞ்சாங்கன்னு இன்னும் ரெண்டு வரி எழுதுறியா? 'பிறகு'க்கு வல்லின ற போடணும், அத மட்டும் மாத்திரு. ஆமா, குட்டிக்கு என்ன பேரு வச்சிருக்கீங்க?"

அவ்வளவுதான். அந்தப் பக்கத்தில் இன்னும் ஏழெட்டுப் பிழை இருந்தது. ஒன்றைத்தான் சொன்னேன், மற்றதற்கு வகுப்பு இருக்கிறது. ஒன்பது மணி வாக்கில் பதில் வந்தது. பிள்ளை குரலுக்குப் பின்னால் அம்மா, "வெள்ளச்சின்னு சொல்லுடி, வெள்ளச்சி" என்று எடுத்துக்கொடுக்கிறார். அவருக்கும் பின்னால் ஆடு கத்துகிறது. மறுநாள் நோட்டில் இரண்டு வரி கேட்டதற்கு அரைப் பக்கம் இருந்தது.

கடைசியில் ஒரு கேள்வி இருக்க வேண்டும், அதுவும் பாடத்தில் இல்லாத கேள்வி. கேள்வி இல்லாத பாராட்டுக்கு "தேங்க்யூ டீச்சர்" என்று அண்ணன் டைப் செய்து முடித்துவிடுவான்.

என்ன வேலை கொடுக்கலாம்

போன் வழியாக ஒர்க்‌ஷீட் அனுப்பாதீர்கள். பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்கு ஓட வேண்டியது அப்பாதான். வீட்டில் இருக்கும் ஆளை, வீட்டில் நடக்கும் வேலையைக் கேட்கிற மாதிரி கொடுங்கள்.

எங்கள் ஊரில் எனக்குக் கை கொடுப்பது பூ. "மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் இன்றைக்கு மல்லி கிலோ என்ன விலை? உங்கள் வீட்டில் எவ்வளவு பறித்தார்கள்? 350 கிராமுக்கு எவ்வளவு வரும்?" பெருக்கல், வகுத்தல், கிலோ-கிராம் எல்லாம் இதில் முடிந்துவிடும். விலை தினமும் மாறுவதால் நேற்றைய விடையைப் பார்த்து எழுத முடியாது. மார்கழி, தை மாதங்களில் விலை தாறுமாறாக ஏறும். ஏன் என்று கேட்டால், "பனிக்கு மொட்டு பிடிக்காது டீச்சர், பூ வரத்தே இல்ல" என்று எனக்குப் பாடம் எடுக்கிறார்கள். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று சொன்னபோது, ஒரு பையன் அதைத் தோட்டத்துக்கே போய் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்தான்.

அப்பத்தாவிடம் ஒரு விடுகதை கேட்டு, அவர் குரலிலேயே பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். "ஆயிரம் தச்சர் கூடி அழகான மண்டபம் கட்டி, ஒருவன் கண்பட்டு உடைந்ததாம் மண்டபம்" என்பது எப்படியும் நாலு வீட்டிலிருந்து வரும். விடை தேன்கூடு. வரட்டும். பிள்ளைகளைவிட அப்பத்தாக்கள்தான் அடுத்த வாரம் எப்போது என்று காத்திருக்கிறார்கள்.

பொங்கல் நேரத்தில் தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு நடக்கும். அந்த மூன்று நாளும் எந்தக் கேள்வி கேட்டாலும் காளையின் பெயர்தான் பதிலாக வரும். அதையே கேளுங்கள்: உனக்குப் பிடித்த காளை எது, அதன் நிறம் என்ன, அது எப்படி வெளியே வந்தது? ஒரு வரிகூட எழுத மாட்டான் என்று நினைத்த பையன் மூன்று நிமிடம் பேசுவான். அழகர் ஆற்றில் இறங்கும் வாரம் மட்டும் ஒன்றும் அனுப்பாதீர்கள், யாரும் பார்க்கப் போவதில்லை.

பதிலே சொல்லாத பிள்ளை

நீல டிக் விழுந்தால் பிள்ளை கேட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. அப்பா கேட்டிருப்பார், வண்டியை எடுத்துக்கொண்டு போயிருப்பார். மறுநாள் வகுப்பில், "நேத்து நான் ஒன்னு அனுப்பினேனே, வந்துச்சா?" என்று தனியாகக் கேளுங்கள். வரவில்லை என்றால் அங்கேயே உங்கள் போனில் போட்டுக் காட்டுங்கள்.

கேட்டும் பேசாத பிள்ளை உண்டு. கூச்சம், அல்லது வீட்டில் எல்லார் முன்னாலும் பேசத் தயக்கம். அவர்களிடம் குரல் கேட்காதீர்கள், படம் கேளுங்கள். "உன் வீட்டு வாசலில் இருக்கும் ஒரு மரத்தைப் படம் எடுத்து அனுப்பு." அதில் பேச எதுவும் இல்லை, கிளிக் பண்ணினால் போதும். பட்டன் போன் வீட்டுக்கு வாரம் ஒரு தடவை கூப்பிட்டு இரண்டு நிமிடம் பேசுங்கள். அந்தப் பிள்ளைக்கு மட்டும் டீச்சரிடமிருந்து போன் கால் வருகிறது என்று மற்றவர்களுக்குப் பொறாமை வந்தாலும் வரட்டும்.

சில கறார்கள்

தலைமை ஆசிரியருக்குத் தெரியாமல் எதையும் ஆரம்பிக்காதீர்கள். பேசுவது எப்போதும் வீட்டில் இருக்கும் பெரியவர்கள் நம்பருக்குத்தான். ஒரு பிள்ளையோடு தனியாக வீடியோ கால் கிடையாது. பிள்ளைகள் படத்தை உங்கள் ஸ்டேட்டஸில் போடாதீர்கள், பரிசு வாங்கிய படமானாலும் சரி. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழ் எல்லாரும் குழந்தைகள்தான், அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்றுதான் அது சொல்கிறது. சட்டம் இருக்கட்டும், அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்பதுதானே முறை.

குரல் பதிவிலோ படத்திலோ மனசுக்கு உறுத்துகிற மாதிரி எதையாவது கவனித்தால், போனிலேயே துருவித் துருவிக் கேட்காதீர்கள். அந்தப் போன் யார் கையில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. பதிவை அழிக்காமல் வைத்துக்கொண்டு, தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள். 1098 குழந்தைகள் உதவி எண், இரவு பகல் எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம். பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணும் இருக்கிறது. இரண்டையும் குரூப்பின் விவரப் பகுதியில் எழுதி வைத்துவிட்டால் பெற்றோர் கண்ணிலும் படும்.

ஆறாம் வகுப்புக்குப் போன பிறகு

மே மாதம் வாரம் ஒரு செய்தி போதும். மதுரைக்குப் போகிறவர்களுக்குப் புதுநத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தைச் சொல்லுங்கள், சிறுவர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. கீழடி அருங்காட்சியகமும் ஒரே நாளில் போய் வருகிற தூரம்தான்.

ஜூனில் பிள்ளைகள் பெரிய பள்ளிக்குப் போய்விடுவார்கள். முதல் இரண்டு வாரம் கண்டிப்பாகக் கேளுங்கள்: யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாய், எந்த பஸ்ஸில் போகிறாய், சார் பெயர் என்ன? அதற்குப் பிறகு நீங்களே குறைத்துக்கொள்ளுங்கள், அங்கே அவர்களுக்குப் புது டீச்சர் இருக்கிறார். ஆனால் பெற்றோரிடம் கேட்டுவிட்டு நம்பர்களை மட்டும், சேர்ந்த ஆண்டைப் பெயராக வைத்த ஒரு பிராட்காஸ்ட் லிஸ்டில் போட்டு வையுங்கள். அந்தப் பிள்ளைகள் எட்டாம் வகுப்புக்கு வருகிற வருஷம் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு எழுதலாம். தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1000 ரூபாய், வருஷத்துக்கு 12,000. பூப்பறிக்கிற வீட்டில் அது சின்னத் தொகை இல்லை. வருமானச் சான்று கேட்பார்கள். கடைசி நேரத்தில் இ-சேவை மையத்தில் கூட்டம் அம்மும். அதனால் ஏழாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததுமே ஒரு குரல் பதிவு அனுப்பிவிடுங்கள், அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்லி.