பழைய காரின் இன்ஜின் மக்கர் செய்தால்: சரி செய்வதா, விற்பதா?

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய கார் புகை விட ஆரம்பித்தாலோ சூடேறினாலோ, "இன்ஜின் இறக்கணும்" என்ற பேச்சு சீக்கிரமே வந்துவிடும். அதற்குச் சரி சொல்வதற்கு முன்பும், பயந்துபோய் வந்த விலைக்கு வண்டியைத் தள்ளிவிடுவதற்கு முன்பும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கோளாறு எங்கே என்று கருவி வைத்து அளந்து பார்க்க வேண்டும். சில நூறு ரூபாய் பெறும் ரேடியேட்டர் மூடி கெட்டாலும் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறையும், இன்ஜினின் மேல் பாகமான ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கெட் போனாலும் குறையும். இரண்டுக்கும் செலவில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

புகையின் நிறமும் அது வரும் நேரமும் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப் புகை வந்து மறைந்தால் வால்வு சீல் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங்கையோ போரையோ (சிலிண்டரின் உட்சுவர்) சந்தேகிக்க வேண்டும். டர்போ உள்ள டீசல் வண்டியில் டர்போ சீல் கசிந்தாலும் இதே நீலம்தான், அதனால் டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயைக் கழற்றி உள்ளே ஆயில் தேங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் இனிப்பு வாடை அடித்தால் கூலன்ட் எரிகிறது. கறுப்புப் புகைக்குப் பெரும்பாலும் ஏர் ஃபில்டர், சென்சார், இன்ஜெக்டர் என்று வெளியில் இருப்பவைதான் காரணம். அதற்காக இன்ஜினைத் தொட வேண்டியதில்லை.

அடுத்து கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று மீட்டர் வைத்து அளப்பது. பெட்ரோல் வண்டியில் இன்ஜின் சூடாக இருக்கும்போது எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, காயில், இன்ஜெக்டர் கனெக்டர்களைப் பிடுங்கிவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று கிராங்க் செய்ய (ஸ்டார்ட்டரால் இன்ஜினைச் சுழற்ற) வேண்டும். பேட்டரி முழு சார்ஜில் இல்லையென்றால் அளவு பொய் சொல்லும். சிறிய பெட்ரோல் இன்ஜின்களில் 170 முதல் 200 பி.எஸ்.ஐ. வரை காட்டினால் ஆரோக்கியம். எல்லாம் ஒரே சீராக 160 காட்டுவதைவிட, மூன்று 180-ம் ஒன்று 110-மாக இருப்பதுதான் கவலைக்குரியது. குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங் அல்லது போர் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால், நடுவில் கேஸ்கெட் ஊதியிருக்கலாம். டீசலுக்கு அளவுகள் மிக அதிகம், தனி மீட்டர் வேண்டும்.

வண்டி சூடேறுகிறது என்றால் வரிசை மாறாமல் பாருங்கள்: கூலன்ட் அளவு, ரேடியேட்டர் மூடி, ஃபேன் ஓடுகிறதா, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப். நம் ஊரில் கூலன்டுக்குப் பதிலாக போர்வெல் தண்ணீர் ஊற்றும் பழக்கம் எத்தனையோ ரேடியேட்டரைக் கொன்றிருக்கிறது. உப்பு படிந்து குழாய் அடைத்த பிறகு கேஸ்கெட் மட்டும் மாற்றினால் திரும்பவும் போகும். ஹெட் கழற்ற வேண்டி வந்தால், லேத் பட்டறையில் நேர்ச்சட்டம் வைத்து அதன் தளம் வளைந்திருக்கிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். பல அலுமினிய ஹெட்டுகளுக்கு 0.05 மி.மீ. அளவே வரம்பு. அளக்காமல் பழைய ஹெட்டின் மேல் புது கேஸ்கெட் போடுவது பணத்தைத் தண்ணீரில் போடுவதுதான். நிறைய மாடல்களில் ஹெட் போல்ட்டும் புதிதாகப் போட வேண்டும்.

கீழேயிருந்து "டக் டக்" என்று கனத்த சத்தம் வந்து, ஒரு சிலிண்டரின் காயில் கனெக்டரைப் பிடுங்கியதும் குறைந்தால் கனெக்டிங் ராடு பேரிங் போயிருக்கும். அதற்கு மேல் ஓட்டாதீர்கள். ராடு உடைந்து பிளாக்கில் ஓட்டை போட்டால் ரிப்பேர் என்ற பேச்சுக்கே இடமில்லை. மழைவெள்ளத்தில் நின்ற வண்டியையும் சாவி திருப்பாமல் டோ செய்யுங்கள்.

இன்ஜினை எப்போது வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம், துருப்பிடித்த அடிச்சட்டத்தை அப்படிச் செய்ய முடியாது. அதனால் செலவை முடிவு செய்யும் முன் வண்டியை லிஃப்டில் ஏற்றி, சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்களையும் கதவுக்குக் கீழுள்ள சட்டங்களையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டிப் பாருங்கள். உள்ளே இறங்கினால் இன்ஜினுக்குக் காசு போட வேண்டாம், விற்றுவிடுங்கள். கடலோர ஊர்களில் ஓடிய வண்டிக்கு இந்தச் சோதனை கட்டாயம்.

இப்போது கணக்கு. ஓர் உதாரணம்: நல்ல நிலையில் 1,80,000 ரூபாய் போகும் கார், கோளாறோடு 1,00,000-க்குக் கேட்கிறார்கள். ரிப்பேருக்கு 55,000 என்று எஸ்டிமேட். இதில் 20 சதவீதம் கூட்டி 66,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், ஹெட் இறங்கிய பிறகுதான் டைமிங் செயின், வால்வு கைடு எல்லாம் தெரியவரும். சரி செய்து விற்றால் கையில் மிஞ்சுவது 14,000 மட்டும். அதற்கு மூன்று வார அலைச்சல் தேவையில்லை, அப்படியே விற்கலாம். நீங்களே இன்னும் மூன்று வருடம் ஓட்டப்போகிறீர்கள் என்றால் கதை வேறு. டயர், கிளட்ச், ஏ.சி. என்று மேலும் 40,000 சேர்த்தாலும் மாதம் சுமார் 3,000 ரூபாய்தான். 5 லட்சம் கடனை 9.5 சதவீத வட்டிக்கு ஐந்து வருடத்துக்கு எடுத்தால் தவணையே மாதம் 10,500 வரும். ஆனால் ஆர்.சி.யின் (பதிவுச் சான்று) 15 வருடம் எப்போது முடிகிறது என்றும் பாருங்கள். அதற்குப் பிறகு எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் காருக்கு அந்தக் கட்டணம் 5,000 ரூபாயாக உயர்ந்தது, பசுமை வரி தனி.

சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் பழைய இன்ஜின் வாங்கி மாட்டுவது சில நேரம் மலிவு. பில்லும், எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான தாளும் இல்லாமல் வாங்கக் கூடாது, இன்ஜின் நம்பரை ஆர்.சி.யில் மாற்றியாக வேண்டும்.

விற்பது என்று முடிவானால் கெட்டியான ஆயில் ஊற்றிப் புகையை மறைக்க வேண்டாம். கம்ப்ரஷன் அளவுகளை எழுதிக் காட்டினால், வாங்குகிறவர் கண்மூடித்தனமாக அடிக்கும் விலையைவிடக் கூடுதலாகவே கிடைக்கும். காசை வாங்கியதோடு வேலை முடியவில்லை. படிவம் 29, 30 கையெழுத்தாகி, பெயர் மாற்றம் நடக்கும்வரை சட்டத்தின் கண்ணில் நீங்களே உரிமையாளர். வண்டி கைமாறியிருந்தாலும், விபத்து இழப்பீட்டுக்குப் பதிவில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தேதியும் மணியும் போட்ட டெலிவரி ரசீது, வாங்குகிறவரின் அடையாள நகல் இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டு, 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவியுங்கள். ஃபாஸ்டேகை அன்றே மூடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காததற்கான பிரீமியம் தள்ளுபடி) சான்றிதழ் கேட்டு வாங்குங்கள், அடுத்த காருக்கு மூன்று வருடம்வரை அது செல்லும்.