வீட்டு லேத்துக்குச் சக்கும் காலெட்டும்: எதை முதலில் வாங்குவது

பீளமேடு, கணபதி, ஆவாரம்பாளையம், குறிச்சி என்று கோயம்புத்தூரில் எந்தப் பக்கம் போனாலும் ஒரு கடைசல் பட்டறை கண்ணில் படும். பம்பும் மோட்டாரும் வெட் கிரைண்டரும் செய்து பழகிய ஊர் என்பதால், ஓய்வு பெற்ற டர்னர்களும், தோட்டத்து மோட்டாரைத் தாங்களே பழுதுபார்க்க விரும்புகிறவர்களும் வீட்டுக்குப் பின்புறம் ஒரு சிறு லேத் போட்டுக்கொள்வது இங்கே புதிதல்ல. என்னுடைய நாலடி லேத் சோமனூர்ப் பக்கத்தில், தறிகளை விற்றுவிட்ட குடோனின் ஒரு மூலையில் நிற்கிறது. லேத் வந்து இறங்கியதும் பலரும் செய்யும் முதல் செலவு, அதனோடு வந்த மூன்று ஜா சக்கை (கடையும் துண்டை, அதாவது ‘வேலை’யை, மூன்று தாடைகளால் கவ்விச் சுழற்றும் பிடிப்பானை) கழற்றி வைத்துவிட்டு, விலை கூடிய இன்னொரு மூன்று ஜா சக்கை வாங்குவதுதான். அது வீண் செலவு என்பது என் கருத்து. அந்தப் பணத்தில் ஒரு நான்கு ஜா சக்கும், காந்தத்தால் ஒட்டி நிற்கும் மேக்னடிக் பேஸோடு, நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் ஒரு டயல் கேஜும் வாங்கலாம்.

மூன்று ஜா சக்கின் உள்ளே சுருள் மரை வெட்டிய ஒரு தட்டு இருக்கிறது. சாவியைத் திருப்பினால் அந்தத் தட்டு சுழன்று மூன்று ஜாக்களையும் ஒன்றாக நகர்த்துகிறது. வேகமாகப் பிடிக்கலாம் என்பது அதன் வசதி. சுருளில் இருக்கும் பிழையும் தேய்மானமும் அப்படியே வேலையில் இறங்கும் என்பது அதன் குறை. சாதாரணச் சக்கில் 0.05 முதல் 0.1 மி.மீ. வரை அவுட் (மையத்திலிருந்து விலகிச் சுழலும் அளவு) காட்டுவது இயல்பு. அதிலும் 20 மி.மீ. ராடில் ஒரு அளவும் 40 மி.மீ. ராடில் வேறு அளவும் காட்டும், ஏனென்றால் சுருள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. ஆனால் ஒரே பிடியில் வேலையை முடித்துவிட்டால் இந்த அவுட் ஒரு பொருட்டே அல்ல. பம்புக்குக் கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ், அதாவது குழல் போன்ற உள்ளுறை, செய்யும்போது, வெளிப்பக்கத்தைக் கடைந்து, துளையையும் போர் செய்து, கடைசியாகப் பார்ட்டிங் போட்டு அறுத்து எடுத்தால், சக் எவ்வளவு அவுட்டாக இருந்தாலும் உள்வட்டமும் வெளிவட்டமும் ஒரே மையத்தில்தான் இருக்கும். கழற்றித் திருப்பி மறுபடி பிடிக்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது, அந்த இடத்தில் விலை கூடிய மூன்று ஜா சக்கும் முழுமையாகக் கைகொடுக்காது.

நான்கு ஜா சக்கில் ஒவ்வொரு ஜாவும் தனித்தனியாக நகரும் என்பதால், சதுரத்தையும் ஒழுங்கற்ற வார்ப்பையும் பிடிக்கலாம், வட்டமான ஷாஃப்டை வேண்டிய அளவு துல்லியமாக மையத்துக்கும் கொண்டுவரலாம். அதில் ட்ரூ செய்வதற்கு, அதாவது வேலையை மையத்துக்குக் கொண்டுவருவதற்கு, பயந்தே பலர் அதைத் தொடுவதில்லை. முறை எளியது. சக் முகத்தில் வெட்டியிருக்கும் வட்டக் கோடுகளைப் பார்த்து நான்கு ஜாக்களையும் கண்ணளவில் சமமாக வைத்து வேலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்றாம் எண் ஜாவை டயலுக்கு நேராகக் கொண்டுவந்து முள்ளைப் பூஜ்யத்தில் வைத்து, கையால் அரைச் சுற்று சுற்றி எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். முள் 0.60 கூடுதலாகக் காட்டினால், வேலை நகர வேண்டிய தூரம் அதில் பாதி, அதாவது 0.30 மட்டும். டயல் அதிகம் காட்டும் பக்கம் வேலை வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. எனவே அதற்கு எதிரிலுள்ள ஜாவைச் சற்றுத் தளர்த்தி, இந்தப் பக்கத்து ஜாவை இறுக்க வேண்டும். முதல் ஜோடி அருகில் வந்தபிறகு மற்ற ஜோடிக்குப் போய், அதன்பின் முதல் ஜோடிக்குத் திரும்புங்கள். தொடக்கத்தில் எனக்கு இதற்குக் கால் மணி நேரம் பிடித்தது. இரண்டாவதாக ஒரு சாவி செய்து, எதிரெதிர் ஜாக்களை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் திருப்பத் தொடங்கியபின் இரண்டு மூன்று நிமிடத்தில் 0.01 மி.மீ.க்குள் வந்துவிடுகிறது. மோட்டார் ஷாஃப்டில் 6204 பேரிங் உட்காரும் 20 மி.மீ. இடம் தேய்ந்து, வெல்டிங் நிரப்பிக் கடைய வரும்போது, டயலைத் தேயாத பழைய பரப்பில் வைத்துத்தான் ட்ரூ செய்ய வேண்டும். வெல்டிங் போட்ட இடத்தில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை.

பழைய சக் வாங்குவதாக இருந்தால், ஜாக்களில் உள்ள எண்ணும் சக்கின் உடலில் உள்ள எண்ணும் ஒன்றா என்று முதலில் பாருங்கள். வேறு வேறு சக்குகளின் ஜாக்களைக் கலந்து விற்பது உண்டு. அடுத்து, கையோடு ஒரு நேரான கிரவுண்டு (சாணை பிடித்த) ராடைக் கொண்டுபோய்ப் பிடித்து, ஜாவின் முன் விளிம்புக்கும் ராடுக்கும் இடையில் மெல்லிய காகிதம் நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் ஜா வாய்ப்பக்கம் தேய்ந்து மணி போல விரிந்திருக்கிறது, ஆழத்தில் மட்டும் பிடிக்கிறது என்று பொருள்.

எந்தச் சக் வாங்கினாலும் அதை ஸ்பிண்டிலில் (லேத்தின் சுழலும் அச்சில்) பொருத்த, இடையில் பேக் பிளேட் என்ற ஒரு தட்டு வேண்டும். நம் பக்கத்துப் பழைய லேத்துகளில் பெரும்பாலும் ஸ்பிண்டில் மூக்கில் மரைதான் இருக்கும். வார்ப்பிரும்பு காஸ்டிங் இங்கே எளிதாகக் கிடைக்கும் என்பதால் பேக் பிளேட்டை நாமே செய்துகொள்வது நல்லது. இதில் ஒரு சிக்கல் உண்டு: பிளேட்டுக்கு உள்மரை வெட்டும்போது ஸ்பிண்டிலில் ஏற்கனவே ஒரு சக் இருக்கும், மரை சரியாக ஏறுகிறதா என்று அதிலேயே போட்டுப் பார்க்க முடியாது. ஆகவே முதலில் ஒரு ராடில் ஸ்பிண்டில் மூக்கின் மரையையும் பின்னால் உள்ள வழவழப்பான பகுதியையும் அப்படியே நகலெடுத்து ஒரு கேஜ் கடைந்துகொள்ளுங்கள். அந்தக் கேஜ் ஏறும் வரை பிளேட்டில் மரை வெட்டி, பின் பிளேட்டை ஸ்பிண்டிலில் ஏற்றி, முகத்தையும் சக் உட்காரும் படியையும் அங்கேயே கடைய வேண்டும். வேறு பட்டறையில் முழுவதும் முடித்துக் கொண்டுவந்த பிளேட் உங்கள் ஸ்பிண்டிலில் நேராக ஓடும் என்பதற்கு உறுதியில்லை.

காலெட், அதாவது பிளவுகள் வெட்டிய, சுருங்கிப் பிடிக்கும் குழல், மூன்றாவதாகத்தான் வர வேண்டும். ஒரே அளவு பிரைட் பாரில் (மேற்பரப்பு வழவழப்பான கம்பியில்) பின், ஸ்டட், புஷ் என்று திரும்பத் திரும்பச் செய்கிறவர்களுக்கு அது பெரிய வசதி. வீட்டு லேத்துக்கு ஈஆர் 32 என்ற அளவு வகைக் காலெட் போதும்: 3 முதல் 20 மி.மீ. வரை மில்லிமீட்டருக்கு ஒன்றாக 18 காலெட்டுகள் கொண்ட செட், ஒவ்வொன்றும் 1 மி.மீ. வரை சுருங்குவதால் 2 முதல் 20 மி.மீ. வரை இடைவெளியின்றிப் பிடித்துவிடும். செட்டாக வாங்காமல், நீங்கள் கடையும் நான்கைந்து அளவுகளை மட்டும் நல்ல தரத்தில் வாங்குவதே என் பரிந்துரை. மோர்ஸ் டேப்பர் (கூம்பு வடிவ) தண்டோடு வரும் காலெட் சக் விலை குறைவு, ஆனால் அது ஸ்பிண்டில் துளையை அடைத்துவிடும்; நீளமான பாரைப் பின்னால் நுழைக்க முடியாது, பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் டிராபார் இல்லாமல் ஓட்டவும் கூடாது. பேக் பிளேட்டில் போல்ட் போட்டுப் பொருத்தும் வகையை வாங்குங்கள். அதற்கான படியைச் சக்கின் குழியைவிட 0.2 மி.மீ. சிறிதாகக் கடைந்து வைத்தால், போல்ட்டுகளை இலேசாகப் பிடித்து, உள் டேப்பரில் டயலை வைத்து, ரப்பர் சுத்தியால் தட்டி ட்ரூ செய்தபின் முழுவதும் இறுக்கிக்கொள்ளலாம்.

ஈஆர் காலெட்டைச் சக்குக்குள் போட்டுவிட்டு மேலே நட்டை மாட்டக் கூடாது. முதலில் காலெட்டைச் சாய்த்து நட்டுக்குள் ‘டக்’ என்று உட்கார வைத்து, இரண்டையும் சேர்த்தே ஏற்ற வேண்டும். நட்டில் உள்ள வளையம் காலெட்டின் பள்ளத்தில் மாட்டியிருந்தால்தான், தளர்த்தும்போது நட்டு காலெட்டை வெளியே இழுக்கும். இன்னொன்று, காலெட் தன் முழு நீளத்திலும் பிடிக்க வேண்டும். குட்டையான துண்டைப் பிடிப்பதானால், பின்பக்கம் அதே விட்டமுள்ள இன்னொரு துண்டை வையுங்கள். இல்லாவிட்டால் காலெட் ஒருபக்கம் நெரிந்து கெட்டுவிடும். செதில் படிந்த கறுப்பு ராடைக் காலெட்டில் பிடிக்கவே வேண்டாம், அதற்கு மூன்று ஜா இருக்கிறது. 5சி என்ற இன்னொரு வகைக் காலெட் வேலையைப் பிடிப்பதற்கென்றே வந்தது, சதுர, அறுகோண வாயோடும் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு காலெட் தேவைப்படுவதால் வீட்டுப் பட்டறைக்குச் செலவு கட்டுபடியாகாது.

சக்கை மாற்றும்போது பெட்டின் (லேத்தின் நீண்ட அடித்தளத்தின்) மேல் ஒரு பலகையை வைத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். 200 மி.மீ. நான்கு ஜா சக் பத்துக் கிலோவைத் தாண்டும். ஒருமுறை பலகை எடுக்கச் சோம்பல்பட்டதால் என் லேத்தின் பெட்டில் விழுந்த அரை நெல்லளவுப் பள்ளம், வெட்டும் கருவியைத் தாங்கும் கேரேஜை நகர்த்தும்போதெல்லாம் இன்றும் கைக்குத் தட்டுப்படுகிறது. மரை வைத்த ஸ்பிண்டில் ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென ரிவர்ஸ் போட்டால் சக் தானாகவே கழன்று வரும். மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணு டிரைவ் வைத்து ஓட்டுகிறவர்கள் நிற்கும் நேரத்தைச் சில விநாடிகளாவது நீட்டி வைக்க வேண்டும். சாவியைச் சக்கில் விட்டுவிட்டுக் கையை எடுக்கும் பழக்கத்தை முதல் நாளே ஒழித்துவிடுங்கள். வீட்டு லேத்தானே என்று வேட்டியோடும் தோளில் துண்டோடும் நிற்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அதுவும் வேண்டாம்.

ஜாக்களைக் கழற்றி மாட்டும்போது சுருளின் தொடக்க முனை ஒன்றாம் எண் பள்ளத்தில் தெரியும் நேரத்தில் ஒன்றாம் ஜாவை நுழைத்து, பின் இரண்டு, மூன்று என்று வரிசையாகப் போட வேண்டும்; வரிசை மாறினால் ஜாக்கள் மையத்தில் சேராது. வார்ப்பிரும்பு கடைந்த நாளில் அதன் தூள் சுருளுக்குள் இறங்கி எண்ணெயோடு சேர்ந்து பசையாகி அரைக்கும் என்பதால், அன்றே பிரஷ்ஷால் துடைத்துவிடுங்கள். காலெட்டுகளை ஒரு வேப்பமரக் கட்டையில் அளவுக்கொரு துளை போட்டு நிறுத்தி வைத்திருக்கிறேன். ஐப்பசி மழைக் காலத்தில் மட்டும் எண்ணெய்த் துணியால் துடைத்து, மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றிவிடுவேன்.