மல்டிமீட்டர் லீட்: மலிவானது, நாமே செய்தது, பிராண்டு – எதை எங்கே வைப்பது?

போன மழைக்காலத்தில் வீட்டில் ஒரு பிளக் பாயின்ட் வேலை செய்யவில்லை. மீட்டரை வைத்தேன், 0 காட்டியது. சரி, சப்ளை வரவில்லை போல என்று தகட்டைக் கழற்றி ஸ்க்ரூவில் கை வைக்கப் போனவன், என்னவோ தோன்றி ஒரு தடவை டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். பளிச்சென்று எரிந்தது. கறுப்பு லீட் (ஒரு முனையை மீட்டரில் செருகி, மறுமுனையால் தொட்டுப் பார்க்கும் ஒயர்), பிளக்கின் கழுத்துக்குள்ளேயே அறுந்து கிடந்திருக்கிறது, மேல் உறை மட்டும் புதுசு மாதிரி இருந்தது.

லீட் கெட்டுப்போனால் மீட்டர் உங்களுக்கு எந்த எச்சரிக்கையும் தராது, "இங்கே ஒன்றுமில்லை" என்று அமைதியாகச் சொல்லிவிடும். அதனால் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் கையில் இருப்பதைச் சோதித்துவிடுவோம்.

படி 1: இருக்கிற லீட்டைச் சோதியுங்கள்

மீட்டரை 200 ஓம் ரேஞ்சில் வைத்து இரண்டு முனைகளையும் அழுத்திச் சேர்த்துப் பிடியுங்கள். 0.1 முதல் 0.3 ஓம் வரை காட்டினால் நல்லது. அப்படியே பிடித்துக்கொண்டு, வேறு யாரையாவது பிளக் பக்கமும் கைப்பிடிப் பக்கமும் ஒயரை வளைத்து ஆட்டச் சொல்லுங்கள். எண் தாவினாலோ 1 ஓமைத் தாண்டினாலோ உள்ளே இழைகள் அறுந்துகொண்டிருக்கின்றன என்று அர்த்தம். பிளக்கைச் செருகும் துளையில் தூசி இருந்தாலும் எண் தாவும், எனவே இரண்டு மூன்று தடவை செருகி எடுத்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அப்புறம் உறை. நகத்தால் அழுத்திக்கொண்டே ஒயரின் முழு நீளமும் பாருங்கள். வெடிப்பு, உருகிய தழும்பு எது தெரிந்தாலும் அந்த லீட் வீட்டுக் கரண்ட் பக்கமே போகக்கூடாது. டேப் சுற்றிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

படி 2: எதைத் தொடப் போகிறீர்கள்?

வோல்டேஜ் பார்க்கும்போது லீட்டின் ஓம் பெரிய விஷயமே இல்லை. மீட்டரின் உள்தடை மெகா ஓம் கணக்கில் இருக்க, லீட்டில் 1 ஓம் கூடினால் என்ன குறையப் போகிறது? மலிவான லீட்டும் விலையுயர்ந்த லீட்டும் அதே 230-ஐத்தான் காட்டும். அங்கே நீங்கள் காசு கொடுப்பது உறைக்கு. 230 வோல்ட் ஏசி என்றாலும் அதன் உச்சம் 325 வோல்ட் வரை போகிறது, அதற்கும் உங்கள் விரலுக்கும் நடுவில் இருப்பது அந்த உறை மட்டும்தான்.

எத்தனை ஆம்பியர் கரண்ட் ஓடுகிறது என்று பார்க்கும்போது கதை தலைகீழ். இரண்டு லீட்டும் சேர்ந்து 1 ஓம் என்றால், 2 ஆம்பியர் ஓடும்போதே 2 வோல்ட் லீட்டில் போய்விடும். 12 வோல்ட் பல்புக்குப் பத்துதான் கிடைக்கும். 10 ஆம்பியர் ஓடினால் லீட்டில் மட்டும் 100 வாட் சூடு. நம் சால்டரிங் அயர்னே 25 வாட்தான்.

படி 3: மலிவான லீட்

மஞ்சள் நிற சின்ன மீட்டரோடு வருமே, அதுதான். "1000 வோல்ட், 10 ஆம்பியர்" என்று அச்சடித்திருக்கும், நம்பாதீர்கள். பேட்டரி, அடாப்டர், ஆர்டுயினோ போர்டு, கன்டினியூட்டி பீப் (ஒயர் அறுந்திருக்கிறதா என்று ஒலியால் பார்ப்பது) இவற்றுக்குத் தாராளமாகப் போதும். பிவிசி உறை என்பதால் சால்டரிங் அயர்ன் பட்டால் உருகிவிடும், அவ்வளவுதான் குறை. புதிதாகக் கற்றுக்கொள்பவர் இதிலேயே ஆரம்பிப்பதில் தவறே இல்லை.

படி 4: நாமே செய்வது

எனக்குப் பிடித்த வேலை இது. மெல்லிய இழைகள் கொண்ட 0.75 சதுர மில்லிமீட்டர் சிலிகோன் ஒயர், சிவப்பும் கறுப்பும் ஒவ்வொரு மீட்டர் நீளம். 4 மில்லிமீட்டர் பனானா பிளக், குரோக்கடைல் கிளிப், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி கடைத்தெருவில் எல்லாம் ஒரே நடையில் கிடைக்கும். முதலில் ஸ்லீவை ஒயரில் கோத்துவிடுங்கள் (இதை மறந்துவிட்டு சால்டர் செய்த பின் திட்டிக்கொள்வது எல்லோருக்கும் நடப்பதுதான்). ஒயர் முனையை முறுக்கி ஈயம் ஏற்றி, பிளக்கில் சால்டர் செய்து, மூட்டின் மேல் ஸ்லீவ் இரண்டு அடுக்காக வருமாறு சூடு காட்டுங்கள். இழுவை சால்டர் மூட்டில் விழக்கூடாது, உறையில் விழ வேண்டும். என் கறுப்பு லீட் அறுந்த இடம் அதே கழுத்துதான்.

நல்ல செம்பு ஒயர் என்றால் ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.02 ஓம் சுற்றித்தான் வரும், கடை லீட்டைவிட நல்லது. கிளிப் இருப்பதால் இரண்டு கையும் ஓய்வு. ஆனால் இதை வீட்டு லைனில் மாட்டவே மாட்டேன். சாதாரண பனானா பிளக்கில் உலோகம் வெளியே தெரியும். கிளிப் லைனில் இருக்கும்போது பிளக் மீட்டரிலிருந்து கழன்று விழுந்தால், மேஜையில் கிடக்கும் அந்த உலோகத்தில் 230 வோல்ட் இருக்கும்.

படி 5: பிராண்டு லீட் எப்போது?

டிபி பாக்ஸைத் (வீட்டுக்கு வரும் கரண்டை அறைகளுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி) திறக்கிறீர்கள் என்றால் இது இல்லாமல் வேண்டாம். லீட்டில் "கேட்" (CAT) என்று போட்டு ரோமன் எண் இருக்கும்: 2 என்றால் பிளக் பாயின்டில் செருகும் சாதனங்கள், 3 என்றால் டிபியும் கட்டிட வயரிங்கும், 4 என்றால் இபி மீட்டர் பக்கம். டிபிக்கு குறைந்தது கேட் 3, 600 வோல்ட் பாருங்கள். மீட்டர், லீட் இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை.

எழுத்தை மட்டும் நம்பாமல் முனையைப் பாருங்கள். கேட் 3, 4-க்கு முனையில் வெளியே தெரியும் உலோகம் 4 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது ஐஇசி 61010-031 என்ற சர்வதேசத் தரநிலையின் விதி. மலிவான லீட்டில் அது ஒரு விரல் கணு நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும், டிபிக்குள் கை வழுக்கினால் அதுவே இரண்டு பஸ்பாரை (கரண்ட் ஓடும் உலோகப் பட்டை) இணைத்துவிடும். ஃப்ளூக் டிஎல்175 போன்றவற்றில் கைப்பிடியைத் திருகி இந்த நீளத்தை மாற்றலாம். மேல் உறை தேய்ந்தால் உள்ளே வேறு நிறமும் தெரியும். விலை உங்கள் முதல் மீட்டரைவிடக் கூடுதலாக இருக்கலாம். மாதத்தில் ஒரு நாள்கூட டிபி திறக்காதவர் இதை வாங்காமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதே லாபம்.

படி 6: வைக்கும் முறை

வீட்டு லைனில் வைக்கத் தகுந்த எந்த லீட்டாக இருந்தாலும் சரி, முதலில் கரண்ட் நிச்சயமாக இருக்கும் ஒரு பிளக் பாயின்டில் வைத்து 230 வருகிறதா பாருங்கள். பிறகு சந்தேகப்படும் இடம். அங்கே 0 வந்தால் உடனே கை வைக்காமல் திரும்பவும் முதல் இடத்துக்குப் போய்ப் பாருங்கள், நடுவில்கூட லீட் அறுந்திருக்கலாம். சிவப்பு பிளக் 10 ஆம்பியர் துளையில் இல்லை என்பதையும் அதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள். அந்தத் துளையோடு வோல்டேஜ் பார்க்கப் போனால் நேரடி ஷார்ட்தான், மலிவான மீட்டர்கள் பலவற்றில் அந்தத் துளைக்கு ஃப்யூஸே கிடையாது.

என் பழைய கறுப்பு லீட்டை இரண்டாக வெட்டித்தான் குப்பையில் போட்டேன், இல்லாவிட்டால் யாராவது எடுத்து மறுபடி மாட்டிவிடுவார்கள்.