பள்ளியில் ஐஸ்கிரீம் விருந்து: எவ்வளவு வாங்குவது, மேலே எதைத் தூவுவது?

நவம்பர் 14 குழந்தைகள் தினத்தன்று பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் கொடுக்கலாம் என்று பெற்றோர் கூடி முடிவு செய்வது எளிது. எத்தனை லிட்டர் வேண்டும் என்று கடைக்காரர் கேட்கும்போதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க நேர்கிறது. நான் முதன்முறை பொறுப்பேற்ற ஆண்டில் மனக்கணக்காகவே வாங்கிவிட்டேன். மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் தாராளமாக வாங்கிச் சென்றன. ஐந்தாம் வகுப்பின் கடைசி வரிசைக்கு அரைக் கரண்டி ஐஸ்கிரீமும் கொஞ்சம் சாக்லேட் சிரப்பும்தான் மிஞ்சின. கிண்ணத்தை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போன அந்தப் பிள்ளைகளை என்னால் மறக்க முடியவில்லை. வரிசையில் முதலில் நிற்கும் பிள்ளைக்குக் கிடைக்கும் கிண்ணமே கடைசியில் நிற்கும் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும். கீழே உள்ள கணக்கு முழுவதும் அதற்காகத்தான்.

முதல் படி: தலைகளை எண்ணுங்கள்

வருகைப் பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அன்று சிலர் வரமாட்டார்கள் என்று கழிக்க வேண்டாம். ஐஸ்கிரீம் உண்டு என்று தெரிந்த நாளில் விடுப்பு எடுக்கும் பிள்ளைகள் மிகக் குறைவு. ஆசிரியர்களோடு ஆயாவையும் வாசலில் நிற்கும் காவலாளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே 150 பிள்ளைகள், 10 பெரியவர்கள், ஆக 160 பேர் என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாம் படி: லிட்டரில் அல்ல, ஸ்கூப்பில் கணக்கிடுங்கள்

தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு இரண்டு ஸ்கூப் போதும். நடுத்தர அளவுள்ள ஸ்கூப் கரண்டி ஒரு முறைக்குச் சுமார் 60 மி.லி. எடுக்கும். 4 லிட்டர் டப்பா ஒன்றில் 66 ஸ்கூப் கிடைக்க வேண்டும் என்று காகிதக் கணக்கு சொல்லும். ஆனால், கரண்டியால் அழுத்தி வழிக்கும்போது ஐஸ்கிரீமுக்குள் இருக்கும் காற்று வெளியேறிவிடுவதாலும், ஓரத்தில் ஒட்டியது, உருகியது என்று கொஞ்சம் வீணாவதாலும், 55 என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பானது. 160 பேருக்கு 320 ஸ்கூப்; அதை 55ஆல் வகுத்தால் 5.8 வருகிறது. ஆகவே ஆறு டப்பாக்கள், அதாவது 24 லிட்டர் வாங்க வேண்டும்.

வெனிலா மூன்று, சாக்லேட் இரண்டு, ஸ்ட்ராபெரி ஒன்று என்று பிரித்துக்கொள்ளலாம். எல்லாவற்றோடும் ஒத்துப்போவது வெனிலாதான் என்பதால் அது பாதியாக இருக்கட்டும். பட்டர்ஸ்காட்ச் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும் என்றாலும், அதில் பெரும்பாலும் முந்திரித் துணுக்குகள் இருப்பதால் பள்ளி விருந்துக்கு நான் அதை வாங்குவதில்லை. டப்பாவின் மேல் எழுதியிருப்பதையும் படித்துப் பாருங்கள். வழக்கமான ஐஸ்கிரீமில் பால் கொழுப்பு குறைந்தது 10 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. ‘ஃப்ரோஸன் டெசர்ட்’ என்று அச்சிடப்பட்டிருந்தால் அது தாவரக் கொழுப்பில் செய்யப்பட்டது.

மூன்றாம் படி: பெற்றோரிடம் கேளுங்கள்

இந்தப் படியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தவிர்க்காதீர்கள். ஒரு வாரம் முன்னதாகவே நாட்குறிப்பில் எழுதியனுப்பி, பால், வேர்க்கடலை, முந்திரி, கோதுமை ஆகியவற்றில் எது தங்கள் பிள்ளைக்கு ஒவ்வாது, சர்க்கரை நோய் போன்ற காரணத்தால் அளவு பார்த்துக் கொடுக்க வேண்டுமா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். பால் ஒவ்வாத பிள்ளைக்குப் பால் சேராத குச்சி ஐஸை முன்பே தனியாக வாங்கி, பெயர் எழுதி வைத்துவிட்டால், அந்தப் பிள்ளை மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க நேராது.

நான்காம் படி: மேலே தூவுபவை

தலைக்கு 25 கிராம் என்றால் 160 பேருக்கு மொத்தம் 4 கிலோ. டூட்டி ஃப்ரூட்டி ஒரு கிலோ, மாதுளை முத்து ஒரு கிலோ, நொறுக்கிய மாரி பிஸ்கட் முக்கால் கிலோ, சாக்லேட் துருவல் முக்கால் கிலோ, கடலை மிட்டாய் அரைக் கிலோ என்று பிரித்தால் கணக்குச் சரியாக வரும். பழத்தில் ஏறக்குறைய பாதி தோலாகவே போய்விடுவதால் மாதுளை இரண்டு கிலோ வாங்க வேண்டும். வாழைப்பழம் நறுக்கிய சிறிது நேரத்தில் கறுத்துவிடும். முழுத் திராட்சை சிறு பிள்ளைகளின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். போட்டே ஆக வேண்டும் என்றால் நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள்.

கடலை மிட்டாயை நான் விடாமல் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயைக் கெட்டித் துணியில் சுற்றிச் சப்பாத்திக் கட்டையால் நாலு தட்டுத் தட்டினால், பாதி பொடியாகவும் பாதி பல்லில் கடிபடும் துண்டாகவும் உடையும். குளிர்ந்த வெனிலாவின் மேல் அந்த வெல்லப்பாகின் மணம் அவ்வளவு பொருத்தமாக இருக்கும். ஆனால் வேர்க்கடலை ஒவ்வாமை கடுமையானது. ஒவ்வாத பிள்ளை ஒருவர் இருந்தாலும் அந்த ஆண்டு கடலை மிட்டாய் வேண்டவே வேண்டாம். யாரும் இல்லையென்று உறுதியானாலும் அதைத் தனி மேசையில், தனிக் கரண்டியோடு வையுங்கள்.

சிரப் தலைக்கு 10 மி.லி. போதும்: சாக்லேட் ஒரு லிட்டர், நன்னாரி 750 மி.லி. நன்னாரி என்றதும் ஜிகர்தண்டா நினைவுக்கு வந்து பாதாம் பிசினும் போடலாமே என்று யாராவது சொல்வார்கள். வீட்டில் பத்துப் பேருக்கு அது அருமையாக இருக்கும். ஊறிய பிசினை 160 கிண்ணங்களுக்கு அளந்து போடுவது நடவாத காரியம்.

தூவும் வேலையைப் பிள்ளைகளிடம் விடாமல், ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெரியவரை ஒரு தேக்கரண்டியோடு நிறுத்துங்கள். எது வேண்டும் என்று பிள்ளை கைகாட்டட்டும். அளவு பெரியவரின் கையில் இருக்கட்டும். எங்கள் முதல் விருந்தில் டூட்டி ஃப்ரூட்டி இரண்டாம் வகுப்பறையைத் தாண்டாமல் தீர்ந்ததற்கு இந்த ஏற்பாடு இல்லாததே காரணம்.

ஐந்தாம் படி: கிண்ணமும் குளிரும்

பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பைகள் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளன. பாக்குமட்டைக் கிண்ணமும் மரக் கரண்டியும் 175 வாங்குங்கள். கீழே போடும் பிள்ளைகள் எப்போதும் சிலர் இருப்பார்கள். இரண்டு ஸ்கூப் 120 மி.லி. ஆகிவிடுவதால், 200 மி.லி. கொள்ளும் கிண்ணமே தூவுவதற்கு இடம் தரும்.

விருந்துகளுக்கு உறைபெட்டியையும் சேர்த்து அனுப்பும் விநியோகஸ்தர்கள் உண்டு. முதல் நாளே வரவழைத்து, இரவு முழுவதும் ஓடவிட்டு −18 டிகிரிக்குக் கொண்டுவந்துவிடுங்கள். நவம்பர் மழையில் மின்சாரம் போகலாம் என்பதால் தெர்மாகோல் பெட்டிகளும், நொறுக்கிய ஐஸும், நான்கு கிலோ ஐஸுக்கு ஒரு கிலோ வீதம் கல் உப்பும் கைவசம் இருக்கட்டும். உப்புச் சேர்ந்த ஐஸ் பூஜ்ஜியத்துக்கும் கீழே குளிரும். குல்பி வண்டிக்காரர்கள் செய்வதும் இதுதான்.

பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன்பு டப்பாவை வெளியே எடுத்து வைத்து, கரண்டியைத் தண்ணீரில் நனைத்து உதறிவிட்டு எடுத்தால் மணிக்கட்டு வலிக்காது. ஒருவர் நிமிடத்துக்கு மூன்று கிண்ணம் நிரப்ப முடியும்; மூன்று பேர் நின்றால் இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வகுப்பு வகுப்பாக மட்டுமே வரவழையுங்கள், இளையவர்கள் முதலில். உருகியதை மீண்டும் உறைய வைத்துக் கொடுக்கக் கூடாது என்பதால், ஒன்று தீரும் நிலைக்கு வந்த பிறகே அடுத்த டப்பாவைத் திறக்க வேண்டும். வெனிலாவில் ஒரு டப்பாவை மட்டும் உறைபெட்டியின் அடியில் வைத்துவிட்டு, கடைசி வகுப்பு வரிசையில் வந்து நின்ற பிறகு அதன் மூடியைத் திறங்கள்.