ஊருக்குப் போனால் சிலைக்குக் காசு கேட்பார்கள்

இந்த முறை யாழ்ப்பாணம் போகிறவர்கள் ஒன்றுக்குத் தயாராகப் போங்கள். யாராவது ஒருவர் உங்களிடம் சிலைக்குக் காசு கேட்பார். கோயில் கோபுரத்துக்குக் கேட்பதும் பள்ளிக்கூட மதிலுக்குக் கேட்பதும் எங்களுக்குப் பழக்கம்தான், அதில் பெரிய சிக்கலும் இல்லை. சிலை அப்படியல்ல. சந்தியில் யாரை நிறுத்துகிறோம் என்பது அந்த ஊர் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறது என்ற விஷயம். அதை ரொறன்ரோவிலிருந்தோ பாரிசிலிருந்தோ வந்து மூன்று கிழமை நிற்கிற நாங்கள் காசைக் கொடுத்துத் தீர்மானிக்கக் கூடாது. சூட்கேசுக்குள் என்ன வைக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதை நான் எழுதவில்லை.

முதலில் நகரத்தைச் சுற்றிப் பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். காலையில் வெயில் ஏறுமுன் ஓர் ஓட்டோ பிடித்து, காசை முன்கூட்டியே பேசிக்கொண்டு, பொது நூலகத்தடியில் தொடங்கினால் நல்லது. முன்னால் சரஸ்வதி சிலை இருக்கிறது. 1981 இல் மே 31 இரவு வைத்த தீயில் ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் எரிந்த இடம் அது என்பதைப் பிள்ளைகளுக்கு அங்கே நின்றே சொல்லுங்கள், வீட்டுக்கு வந்து சொல்வதில் பயனில்லை. பக்கத்திலேயே தந்தை செல்வா நினைவுத்தூபி. தந்தை செல்வா என்று நாங்கள் சொல்லும் தமிழ் அரசியல் தலைவர் செல்வநாயகம் ஒரு கிறிஸ்தவர். அவருடைய தூபியும் சரஸ்வதியும் இப்படி அருகருகே நிற்பதை ஊரில் யாரும் ஒரு புதினமாகக் கதைப்பதில்லை. யாழ்ப்பாணத்தைப் பற்றி எனக்குப் பெருமையான விஷயங்களில் இதுவும் ஒன்று.

அப்படியே முற்றவெளிப் பக்கம் வந்தால், 1974 ஜனவரி 10 அன்று தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாள் கூட்டத்தில் பொலிசார் புகுந்தபோது உயிரிழந்தவர்களுக்கான நினைவிடம், வீரசிங்கம் மண்டபத்தடியில். பெரும்பாலானோர் அதைக் கடந்து போகிறார்கள், நின்று பார்ப்பதில்லை. நில்லுங்கள்.

அங்கிருந்து நல்லூருக்குப் போகும் வழியில் முத்திரைச் சந்தியில் யாழ்ப்பாண அரசன் சங்கிலியன் குதிரையில் நிற்கிறான். 1974 இல் வைத்த சிலையை எடுத்துவிட்டு 2011 இல் புதிதாக வைத்தார்கள். பழையதை ஏன் தொட வேண்டும் என்று அப்போது பெரிய சர்ச்சை நடந்தது. என் மனைவி மன்னார், கத்தோலிக்கக் குடும்பம். இந்த முறை மாமியும் எங்களோடு வந்திருந்தார். எல்லாரும் படம் எடுக்க இறங்கினோம், மாமி வானை விட்டு இறங்கவில்லை. கேட்டதற்கு, "எங்கட சனத்தை வெட்டின ராசா அல்லோ" என்றார்.

நான் விளக்கப் பார்த்தேன். சங்கிலி என்று இரண்டு பேர். 1544 இல் மன்னாரில் மதம் மாறிய சனத்தைக் கொல்வித்தவன் முதல் சங்கிலி. அறுநூறு பேரளவில் என்று சொல்வார்கள், தோட்டவெளியில் அவர்களை வேதசாட்சிகளாக வணங்குகிறார்கள். 1619 இல் போர்த்துக்கீசரிடம் தோற்று, கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொல்லப்பட்ட கடைசி அரசன் இரண்டாம் சங்கிலி. எழுபத்தைந்து வருட இடைவெளி. மாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பேர் ஒண்டுதானே தம்பி" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்தச் சிலையை எடு என்று நான் சொல்லவில்லை, மாமியும் சொல்லவில்லை. அந்நியனிடம் தோற்றுக் கொல்லப்பட்ட கடைசி அரசனுக்கு அவனுடைய தலைநகரில் ஒரு சிலை இருப்பது நியாயம். ஆனால் தமிழர் என்று நாங்கள் சொல்லும்போது அதற்குள் மாமியும்தானே வருகிறார்? இது எந்தச் சங்கிலி, மற்றவன் யார், மன்னாரில் என்ன நடந்தது என்று வழிப்போக்கர் வாசிக்கக்கூடிய மாதிரி நாலு வரி அந்த இடத்தில் பெரிதாகப் பொறித்தால் சங்கிலியனுக்கு ஒரு குறையும் வராது. அந்த நாலு வரிக்கு யாராவது காசு சேர்த்தால் நான் முதலில் தருவேன். பக்கத்திலேயே மந்திரிமனை சிதைந்துகொண்டு நிற்கிறது, அதையும் போய்ப் பாருங்கள். புதுச் சிலைக்குக் கிடைக்கிற காசும் ஆளும் பழைய சுவருக்குக் கிடைப்பதில்லை. சுவரில் திறந்துவைத்தவரின் பெயர் போட முடியாதே.

சரி, இனி என் கதை. இதைச் சொல்லத்தான் எழுதத் தொடங்கினேன்.

வலிகாமத்தில் எங்கள் ஊர்ச் சந்தியில் அப்பப்பாவின் காணி ஒரு மூலை இருக்கிறது. அது அப்பாவின் பங்கு. அப்பா கனடாவில் காலமானபின் எனக்கும் மெல்போணில் இருக்கும் அண்ணாவுக்கும் பாரிசில் இருக்கும் தங்கச்சிக்கும் சேர்ந்தது. அப்பப்பா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தலைமை வாத்தியார். அவருக்கு அந்த மூலையில் சிலை வைக்க வேண்டும் என்பது பெரியப்பாவின் ஆசை. நாங்கள் போய் இறங்கியபோது சிலை செய்தே முடித்துவிட்டார். விறாந்தையில் உரச்சாக்கு சுற்றி வைத்திருந்தது. சாக்கை விலக்கிக் காட்டினார். சீமெந்துச் சிலை, தோளில் சால்வை, கண்ணாடியையும் சீமெந்திலேயே வார்த்திருந்தார்கள். இருந்த ஒரே படம் ஒரு பழைய குழுப்படம், அதில் முகம் நகம் அளவுக்குத்தான் தெரியும். அதைப் பெருப்பித்துச் செய்ததில் அப்பப்பாவின் மூக்கு மட்டும் சரியாக வந்திருந்தது. அந்த மூக்கு அப்பாவுக்கும் இருந்தது. எனக்குத் தொண்டை அடைத்தது.

"நீ ஒண்டும் செய்யத் தேவையில்லை தம்பி, கையெழுத்து மட்டும் போடு" என்றார் பெரியப்பா.

கையெழுத்து மட்டும் என்று சொல்கிற எதற்கும் ஊரில் ஒரு விடுமுறையே போய்விடும், இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காணியை ஊருக்கு எழுதிக் கொடுக்க உறுதிப்பத்திரம் வேண்டும். உறுதியில் அப்பாவின் பெயர் ஒரு மாதிரி, கனடாவில் பெற்ற மரணச் சான்றிதழில் இன்னொரு மாதிரி, என் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் என் குடும்பப் பெயராகிவிட்டது. மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி. சத்தியக் கடதாசிக்குச் சமாதான நீதவானின் முத்திரை. அவர் கலியாண வீட்டுக்குப் போயிருந்தார். வெளிநாட்டுச் சான்றிதழைச் சான்றுப்படுத்திக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்றார் ஓர் அலுவலகத்தில் இருந்தவர். தேவையில்லை என்றார் அதே அலுவலகத்தில் அடுத்த மேசையில் இருந்தவர். அண்ணாவும் தங்கச்சியும் தங்களுக்காக என்னைக் கையெழுத்துப் போட விடுகிற அற்றோனித் தத்துவம் அனுப்ப வேண்டும், வட்ஸ்அப்பில் சம்மதம் சொன்னால் போதாது. அப்புறம் சந்தி என்றபடியால் வீதியின் எல்லை எதுவரை என்று அளக்க வேண்டும். அளப்பவர் வருகிற நாளில் மழை. "நாளைக்கு வாங்கோ" என்பது ஒரு மரியாதையான சொல்தான், ஆனால் அதைக் கேட்டுக் கேட்டு, பிள்ளைகளைக் கீரிமலைக்குக் கூட்டிப்போவதாகச் சொன்ன நாட்கள் எல்லாம் வாங்கிலில் இருந்து போயின. காணி விஷயம் உள்ளவர்கள் பிறப்பு, இறப்பு, விவாகச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் புறப்படுமுன்னரே ஒரு சட்டத்தரணியிடம் காட்டிப் பெயர் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஆனால் நான் கையெழுத்துப் போடாததற்குக் காரணம் அலுவலகம் அல்ல.

ஒரு பின்னேரம் சந்திக் கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். அப்பப்பாவிடம் படித்த ஒரு முதியவர் வந்து பக்கத்தில் இருந்தார். பெரியப்பாவைவிட வயதில் மூத்தவர், ஆனால் பெரியப்பா அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். நான் "ஐயா" என்றதும் ஒரு கணம் என்னைப் பார்த்தார். சிலையைப் பற்றி அவருக்கும் தெரிந்திருந்தது. "உங்கட அப்பப்பா நல்ல வாத்தியார் தம்பி. கணக்கு அவரைப் போல ஒருத்தரும் படிப்பிக்கேல்லை. நான் நிலத்தில இருந்துதான் படிச்சனான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போலக் கிடக்கு என்று சொல்கிற குரலில் சொன்னார்.

ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளையும் நிலத்தில் இருத்தாமல் மற்றவர்களோடு வாங்கில் இருத்த வேண்டும் என்ற சம ஆசனம், யாழ்ப்பாணத்தில் 1920களின் கடைசியிலேயே எழுந்த கோரிக்கை. ஹண்டி பேரின்பநாயகம் போன்றவர்கள் இருந்த வாலிபர் காங்கிரஸ் அதற்காக நின்றது. எல்லாப் பிள்ளைகளையும் வாங்கில் இருத்தியதற்காகப் பள்ளிக்கூடங்களைக் கொளுத்தினார்கள், கொளுத்தியவர்களும் நம்மவர்கள்தான். 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில், உள்ளே போக வந்த ஒடுக்கப்பட்ட சாதிச் சனத்தைத் தடுத்துத் தாக்கியதை எங்கள் வீடுகளில் யாரும் வாய்திறந்து சொன்னதில்லை. நூலகம் எரிந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். நாங்கள் கொளுத்தியதை யார் சொல்வது?

அப்பப்பா கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் காலத்து வாத்தியார், அந்தக் காலத்து வழக்கம். அவரிடம் படித்தவர்கள் டொக்டராகவும் எஞ்சினியராகவும் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஆனால் சந்தி எல்லாருக்கும் பொது. நிலத்தில் இருந்து படித்தவர் தினமும் பால் வாங்கப் போகிற வழியில், தன்னை நிலத்தில் இருத்தியவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு போக வேண்டுமா? இதை இரவு பெரியப்பாவிடம் கேட்டேன்.

அவர் சத்தம் போடவில்லை. "நீங்கள் எல்லாரும் போயிட்டியள். ஐயாவின்ர பேரைக் காப்பாத்த நான் ஒருத்தன்தான் இருந்தனான்" என்றார். அது உண்மை. 95 இல் ஊரோடு இடம்பெயர்ந்து, திரும்பி வந்தபோது கூரை இல்லாத வீட்டுக்குள் தறப்பாள் கட்டி இருந்தவர். எங்கள் காணிக்கும் சேர்த்து வேலி அடைத்தவர் அவர்தான், நாங்கள் தீபாவளிக்குப் போன் எடுத்தோம். அந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஆனாலும் கையெழுத்துப் போடவில்லை, அது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். சிலை பள்ளிக்கூட வளவுக்குள் வரட்டும், அதை அங்கே படித்த எல்லாரையும் கூட்டிக் கேட்டு முடிவெடுக்கட்டும், சந்திக் காணியை நாங்கள் மூவரும் ஊர் வாசிகசாலைக்கு எழுதித் தருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தேன். பெரியப்பா இன்னும் கோபம். போன் எடுத்தால் பெரியம்மாதான் கதைக்கிறார்.

ஆகவே உங்களிடம் சிலைக்குக் கேட்டால் உடனே ஓம் என்றும் சொல்லாதீர்கள், இல்லை என்றும் சொல்லாதீர்கள். சனசமூக நிலையத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் கூட்டம் வைக்கச் சொல்லுங்கள். யார் வந்தார்கள் என்பதைவிட யார் வரவில்லை என்று பாருங்கள். வராதவர்களின் வீட்டுக்கு நீங்களே போய் ஒரு தேத்தண்ணி குடியுங்கள், அவர்கள் தருகிற கோப்பையில். காசைத் தனி ஆளின் கையில் கொடுக்காதீர்கள். பீடத்தில் உங்கள் பெயரைப் பொறிக்கிறோம் என்றால் வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிடுங்கள், பிறகு சொன்னால் கல்லில் வெட்டிவிட்டோம் என்பார்கள்.

இன்னொன்று, இதை விளையாட்டாக எடுக்காதீர்கள். போர்க்கால நினைவிடங்களில் படம் எடுத்தால் அங்கே நிற்கும் ஊர்ச் சனத்தின் முகம் விழாமல் எடுங்கள், அவர்களின் பெயரைப் போட்டுப் பதியாதீர்கள். நல்லூரில், 1987 இல் உண்ணாவிரதம் இருந்து இறந்த திலீபனின் நினைவிடத்தில் செப்டெம்பர் 15 முதல் 26 வரை சனம் கூடும். யாழ் பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை 2021 ஜனவரி 8 இரவு இடித்ததும், மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்து சில மாதங்களிலேயே அதே இடத்தில் திரும்ப எழுப்பியதும் உங்களுக்கு நினைவிருக்கும். இங்கே ஒரு கல்லுக்குப் பின்னால் அதற்காக நின்ற ஆட்கள் இருக்கிறார்கள். நீங்கள் விமானம் ஏறியபின் பொலிசார் அவர்களைத்தான் கூப்பிட்டு விசாரிப்பார்கள்.