புற்றுநோய் கிளினிக்: ஸ்கேனிலும் மார்க்கரிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலைக்குப் புதிதாக டொக்டர்மார் நியமனமாகி வரும்போதெல்லாம் கிளினிக்கில் அதே கூத்துத்தான். ஆள் புதிது, தவறு பழையது. நாங்களும் அந்த வயதில் செய்தவை என்பதால் திட்டவும் முடியவில்லை. மாறிப்போன பெயர், கையெழுத்தில்லாத படிவம் போன்றவற்றைத் தாதிமாரே பிடித்துவிடுவார்கள். அவற்றை விடுகிறேன்.

வயிறு ஊதினால் உடனே சிஏ 125

இது இரத்தத்தில் பார்க்கும் ஒரு மார்க்கர், அதாவது புற்றைக் காட்டிக்கொடுக்கக்கூடிய பொருள். 35-ஐத் தாண்டினால் சூலகப் புற்று என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். மாதவிடாய், எண்டோமெட்ரியோசிஸ், ஈரல் பழுதாகி வயிற்றில் நீர் கட்டுவது எல்லாமே அதை ஏற்றும். வயிற்றுக் காசநோயில் நூற்றுக்கணக்கில் ஏறி வீட்டையே கலங்கடிக்கும். முதலில் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள், அப்புறம் ஸ்கேன்.

காமாலையோடு சிஏ 19-9

கணையப் புற்றுக்குப் பார்க்கும் இந்த மார்க்கர் பித்தம் அடைத்தாலே ஏறும். அடைப்பு தீரட்டும், பிறகு எடுங்கள்.

சலம் அடைத்துக் குழாய் போட்ட கையோடு பிஎஸ்ஏ

புரொஸ்டேட் புற்றுக்குப் பார்க்கும் இந்த மார்க்கரை அடைப்பும் குழாயுமே ஏற்றிவிடும். வேண்டாம்.

போன படத்தோடு மட்டும் ஒப்பிடுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் ஏற்றுவது இதுதான்.

கிண்ணியாவிலிருந்து ஒருவர் வந்தார். பெருங்குடல் புற்று ஈரலுக்குப் பரவி, கீமோ ஏறிக்கொண்டிருந்தது. கையில் கடைசி இரண்டு ரிப்போர்ட். இரண்டிலும் "குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை". அதைப் பார்த்தே கிளினிக் கொப்பியில் அடுத்த சுற்றுக்கு நாள் குறித்திருந்தார்கள். மருந்தால் விரல் விறைத்து, சட்டைப் பொத்தானை மகன்தான் போட்டுவிட வேண்டியிருந்தது.

"முதல் எடுத்த படமெல்லாம் எங்கே தம்பி?"

"அது பழசுதானே டொக்டர், வீட்டில கிடக்கு."

அடுத்த முறை ஒரு துணிக்கடைப் பையில் கொண்டுவந்தார். ஈரம் பட்டுப் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. நல்லகாலம், சீடிகள் இருந்தன. அளந்து வரிசையாக எழுதினோம். மருந்து தொடங்குமுன் கட்டிகளின் கூட்டு விட்டம் 62 மில்லிமீட்டர். பிறகு 41. அதன்பின் 45, 50, 54.

ஒவ்வொன்றையும் அதற்கு முந்தியதோடு வைத்தால் வித்தியாசம் நாலோ ஐந்தோ மில்லிமீட்டர், யார் கண்ணையும் உறுத்தாது. முதல் படத்தோடு வைத்தால் கட்டி இன்னும் சிறிதாகவே தெரியும், எல்லோருக்கும் சந்தோஷம். கட்டிகளை அளந்து ஒப்பிடுவதற்கென்று 2009-இல் வந்த ரெசிஸ்ட் 1.1 விதி சொல்வது வேறு. சுருங்கியதை ஆரம்பப் படத்தோடு பார்க்க வேண்டும், 30 சதவீதம் குறைந்தால் பலன் உண்டு. வளர்ந்ததையோ அதுவரை கண்ட மிகச் சிறிய அளவோடு பார்க்க வேண்டும். அதிலிருந்து 20 சதவீதமும், குறைந்தது 5 மில்லிமீட்டரும் கூடினால் நோய் முன்னேறிவிட்டது. 41-இலிருந்து 50 என்றால் 22 சதவீதம். அந்தப் படத்திலேயே மருந்தை மாற்றியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஏற்றிய சுற்றெல்லாம் அவருடைய விரல்களுக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

ரிப்போர்ட் எழுதியவரில் பிழை பிடிக்க எனக்கு மனமில்லை. ஒரு படம் இங்கே, ஒன்று மட்டக்களப்பில், ஒன்று மகரகமையில், அவசரத்துக்கு ஒன்று தனியாரிடம். அவர் கைக்கு வந்ததைத்தானே அவர் பார்ப்பார்? நாங்கள் அனுப்பும் படிவத்தில் இருப்பதும் "பெருங்குடல் புற்று, பரவல் உண்டா?" என்ற ஒற்றை வரி. என்ன மருந்து, எப்போது தொடங்கியது, கட்டி எந்தத் திகதியில் ஆகச் சிறிதாக இருந்தது, அப்போது அளவு என்ன என்று எழுதிவிடுங்கள். அந்த அளவுகளைக் கொப்பியின் உள்ளட்டையிலும் ஒரு அட்டவணையாக ஒட்டிவையுங்கள். ஆரம்பப் படம் மருந்து தொடங்குவதற்கு முந்திய 4 வாரத்துக்குள் எடுத்ததாக இருக்கட்டும். ஒரு தடவை கொன்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் மருந்து) போட்டு, மறுதடவை போடாமல் எடுத்த ஈரலை ஒப்பிட்டு அளக்கிறேன் என்று மட்டும் வராதீர்கள்.

பெருங்குடல் புற்றில் பார்க்கும் சிஇஏ மார்க்கருக்கும் இதே கதை. ஒவ்வொரு கம்பனியின் பரிசோதனைக் கிட்டும் ஒவ்வொரு எண் தரும். ஒரு மாதம் ஒரு லாப், மறுமாதம் இன்னொன்று என்றால், ஏறியது நோயா கிட்டா என்று யாருக்கும் தெரியாது. ஒரே இடத்தில் எடுக்கச் சொல்லுங்கள்.

பெட் ஸ்கேனுக்கு முன் சீனியை மறப்பது

இந்த ஸ்கேனில் கட்டியைக் காட்ட ஊசியில் ஏற்றும் எஃப்டிஜி, குளுக்கோஸின் சாயலில் செய்த பொருள். இரத்தத்தில் சீனி கூடிக் கிடந்தால் கட்டி அதைச் சரியாக எடுக்காது. 200 மில்லிகிராமைத் தாண்டினால் பெரும்பாலும் வேறு நாள் தருவார்கள். சீனி வருத்தக்காரர் இரவு ரயிலில் கொழும்புக்குப் போய், விடிய ஸ்டேஷனில் ஒரு சீனித் தேத்தண்ணி குடித்தால் அவ்வளவுதான். அவரோடு போகிறவருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

பயொப்சியைச் சேலைனில் அனுப்புவது

பரிசோதனைக்கு வெட்டியெடுத்த மார்புப் புற்றுத் தசையென்றால், அதைப் பதப்படுத்தும் 10 சதவீத பஃபர்ட் ஃபோர்மலினில் போட வேண்டும், எடுத்து ஒரு மணித்தியாலத்துக்குள். அதில் 6 மணித்தியாலத்துக்குக் குறையாமலும் 72-க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்த மருந்து பலிக்கும் என்று காட்டும் ஈஆர், ஹெர்2 பரிசோதனைகளின் முடிவை நம்பி மருந்து எழுத முடியாது. வெள்ளி பின்னேரம் எடுத்து, திங்கள் போயா என்றால் போத்தல் செவ்வாய்வரை அலுமாரியில் கிடக்கும். அவசரமில்லாததைச் செவ்வாய்க்குத் தள்ளுங்கள். தசை எடுத்த நேரம், ஃபோர்மலினில் போட்ட நேரம் இரண்டையும் படிவத்தில் எழுதுங்கள்.