இணையச் சதுரங்க ஆட்டக்காரரின் பலம், பலவீனம், பயிற்சித் தேவை: கண்டறியும் முறை

இணையத்தில் செஸ் ஆடுபவருக்கு, பலகையின் முன் நேரில் அமர்ந்து ஆடுபவருக்கு எளிதில் கிட்டாத ஒரு வசதி இருக்கிறது. ஆடிய ஒவ்வொரு ஆட்டமும், அதன் ஒவ்வொரு நகர்வும், அந்த நகர்வுக்குச் செலவான நொடிகளும் தாமாகவே பதிவாகிவிடுகின்றன. இவ்வளவு இருந்தும், பெரும்பாலானோர் தோற்ற ஆட்டத்தை ஒருமுறை எஞ்சினிடம் (நகர்வுகளை ஆராயும் செஸ் மென்பொருளிடம்) காட்டி, அது இட்ட சிவப்புக் குறிகளை எண்ணிப் பார்த்துவிட்டு அடுத்த ஆட்டத்திற்குப் போய்விடுகிறார்கள். எந்த நகர்வு தவறு என்று எஞ்சின் சொல்லும். அந்த நகர்வை அவர் எதற்காக ஆடினார் என்பது அதற்குத் தெரியாது. பயிற்சியைத் தீர்மானிக்க வேண்டியது அந்தக் காரணம்தான் என்பதால், கீழே வரும் படிகள் யாவும் அதைத் தேடியே செல்கின்றன. உங்கள் ஆட்டங்களையும் இவ்வாறு ஆராயலாம். உங்களிடம் கற்கும் ஒருவருடைய ஆட்டங்களையும் அவருடன் அமர்ந்து ஆராயலாம்.

தேவையானவை ஒரு குறிப்பேடும் ஓர் இணையக் கணக்கும் மட்டுமே. லிச்செஸ் தளத்தில் கணினி ஆய்வு முழுவதும் இலவசம். செஸ்.காம் தளத்தின் இலவசக் கணக்கில் ஆட்ட மதிப்பாய்வுக்கு வரம்பு உண்டு. ஆனால் ஆட்டங்களை அங்கிருந்து பிஜிஎன் (நகர்வுகளை எழுத்தில் பதியும் வடிவம்) கோப்பாகப் பதிவிறக்கி லிச்செஸில் ஏற்றி ஆராய்வதற்குத் தடை ஏதுமில்லை.

படி 1: எந்த ஆட்டங்களை எடுப்பது

புல்லட் ஆட்டங்களை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். ஒரு நிமிட ஆட்டத்தில் நடக்கும் தவறு, ஆட்டக்காரருக்குத் தெரியாததால் நடந்ததா, யோசிக்க நேரமில்லாததால் நடந்ததா என்று பிரித்தறிய வழியில்லை. பத்து நிமிடமோ அதற்கு மேலோ கொண்ட ரேபிட் ஆட்டங்களே இந்த ஆய்வுக்கு ஏற்றவை. லிச்செஸ், தொடக்க நேரத்துடன் ஒரு நகர்வுக்குச் சேரும் கூடுதல் நொடிகளை நாற்பதால் பெருக்கிக் கூட்டி ஆட்டத்தின் வகையைத் தீர்மானிக்கிறது. ஐந்து நிமிடமும் மூன்று நொடி கூடுதலும் கொண்ட ஆட்டம் இந்தக் கணக்கில் ஏழு நிமிட ஆட்டமாகி, ரேபிடைவிட வேகமான பிளிட்ஸ் வகையில் சேரும்.

அண்மையில் ஆடிய 20 முதல் 30 ஆட்டங்கள் போதும். வென்றவை, தோற்றவை, சமனில் முடிந்தவை என எதையும் விலக்காமல் வரிசையாக எடுக்க வேண்டும். வென்ற ஆட்டங்களைச் சேர்ப்பது வீண் வேலை என்று சிலர் நினைப்பார்கள். எதிராளி கவனிக்காமல் விட்ட தவறுகள் ஒளிந்திருப்பது அந்த ஆட்டங்களில்தான். அதே தவறுகளை வலுவான எதிராளி விட்டுவைக்க மாட்டார்.

படி 2: ரேட்டிங்கை அளவோடு நம்புதல்

ரேட்டிங் என்பது ஆட்ட வலிமையைக் காட்டும் புள்ளி. லிச்செஸில் புதிய கணக்கு 1500 புள்ளியில் தொடங்குகிறது; அந்தத் தளம் புள்ளியைக் கணக்கிட கிளிக்கோ-2 முறையைப் பயன்படுத்துகிறது. புள்ளிக்கு அருகில் கேள்விக்குறி இருந்தால், அந்த எண் இன்னும் நிலைபெறவில்லை என்று பொருள். ஒரு தளத்தின் ரேட்டிங்கை இன்னொரு தளத்தின் ரேட்டிங்கோடு ஒப்பிடாதீர்கள். ஒரே தளத்திலும் பிளிட்ஸ் ரேட்டிங்கும் ரேபிட் ரேட்டிங்கும் தனித்தனிக் கணக்குகள். ரேட்டிங் இன்றைய நிலையைக் காட்டும். அதன் காரணத்தைக் காட்டாது. இதற்கு மேல் இந்தப் படியில் நேரம் செலவிட வேண்டியதில்லை.

படி 3: எஞ்சினைத் திறப்பதற்கு முன்

ஒவ்வோர் ஆட்டத்தையும் முதலில் எஞ்சின் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். மூன்று குறிப்புகள் எழுதினால் போதும்: ஆட்டம் எந்த இடத்தில் திரும்பியதாக ஆட்டக்காரர் நினைக்கிறார், எங்கே அதிகம் குழம்பினார், எந்த நகர்வைப் பற்றி நிறைவாக உணர்கிறார். ஆடிய அன்றே எழுதினால் நினைவு துல்லியமாக இருக்கும்.

இந்தப் படியைத் தாண்டிச் செல்லவே எல்லாருக்கும் ஆசை வரும். தயவுசெய்து தாண்டாதீர்கள். உலக வாகையர் மிகையில் போட்வின்னிக், எஞ்சின்கள் இல்லாத காலத்திலேயே, தன் ஆட்டங்களைத் தானே ஆராய்வதை முன்னேற்றத்தின் அடிப்படையாக வலியுறுத்தினார். எஞ்சினின் விடையைப் பார்த்த பிறகு, நாம் அப்போது நினைத்தது என்னவென்பது மறந்து, நினைத்திருக்க வேண்டியது மட்டுமே மனத்தில் நிற்கும்.

படி 4: எஞ்சின் சொல்வதை வாசித்தல்

இப்போது கணினி ஆய்வைக் கேளுங்கள். லிச்செஸில் இதைச் செய்வது ஸ்டாக்ஃபிஷ் எஞ்சின். திரையில் வரும் மதிப்பீடு சிப்பாய்க் கணக்கில் இருக்கும்: கூட்டல் ஒன்று என்றால், ஏறத்தாழ ஒரு சிப்பாய் அளவுக்கு வெள்ளைக்குச் சாதகம். சமநிலையில் இருந்த ஆட்டம் கழித்தல் இரண்டுக்குச் சரிந்தால் அது பெரிய இழப்பு. கூட்டல் ஒன்பதிலிருந்து கூட்டல் ஏழுக்கு இறங்கினால் வெற்றி கைவிட்டுப் போவதில்லை. ஆகவே வெற்றி வாய்ப்பு உண்மையிலேயே மாறிய இடங்களை மட்டும், ஆட்டத்திற்கு இரண்டு அல்லது மூன்று என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நகர்வுகள் எஞ்சினின் தேர்வுக்கு எவ்வளவு நெருங்கின என்று காட்டும் துல்லிய விழுக்காட்டை வைத்து ஆட்டக்காரரை மதிப்பிடுவதை நான் ஏற்பதில்லை. எதிராளி ராணியை இழந்துவிட்ட எளிய ஆட்டத்தில் அந்த எண் உயர்ந்துவிடும். இருபுறமும் தாக்குதல் நடக்கும் சிக்கலான ஆட்டத்தில், நன்றாக ஆடியவருக்கும் அது குறைந்துவிடும்.

எஞ்சின் குறித்த இடங்களை மூன்றாம் படியின் குறிப்புகளோடு ஒப்பிடுங்கள். ஆட்டம் முப்பதாவது நகர்வில் திரும்பியதாக அவர் எழுதியிருக்க, எஞ்சின் பதினேழாவது நகர்வைக் காட்டினால், ஆபத்து உருவாகும் தருணத்தை அவர் உணரவில்லை என்பது இதிலேயே வெளிப்பட்டுவிடுகிறது.

படி 5: காரணத்தைப் பெயரிடுதல்

இந்த ஆய்வின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. குறித்துவைத்த ஒவ்வொரு தவறுக்கும் எதிரே ஒரு காரணத்தை எழுத வேண்டும். எதிராளியின் மிரட்டலைப் பார்க்கவில்லை; பார்த்தார், ஆனால் அடுத்தடுத்த நகர்வுகளின் கணக்கைப் பாதியில் நிறுத்தினார்; அந்த நிலையைப் பற்றிய அறிவு இல்லை; அறிவும் நேரமும் இருந்தும் திட்டமில்லாமல் காயை நகர்த்தினார்; கடிகாரம் நெருக்கியது. தொடக்கநிலையில் பெரும்பாலான தவறுகள் இந்த ஐந்தில் ஒன்றில் அடங்கிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கிட்டத்தில் பார்ப்போம். கட்டங்களின் பெயரில் எழுத்து நெடுவரிசையையும் எண் கிடைவரிசையையும் குறிக்கும்; முதல் நகர்வில் இரு தரப்பும் சிப்பாயை நகர்த்துகின்றன. வெள்ளை இ4, கருப்பு இ5; இரு தரப்பிலும் குதிரைகள் எஃப்3, சி6 கட்டங்களுக்கு வருகின்றன; வெள்ளை பிஷப்பை சி4-இல் வைக்க, கருப்பு இன்னொரு குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவருகிறது. நான்காவது நகர்வில் வெள்ளைக் குதிரை ஜி5-க்குப் பாய்ந்து எஃப்7 சிப்பாயைக் குறிவைக்கிறது. கருப்பு டி5 ஆட, வெள்ளைச் சிப்பாய் அதை வெட்டுகிறது. இப்போது கருப்பு, எஃப்6 குதிரையால் டி5 சிப்பாயைத் திரும்ப வெட்டுகிறது. வெள்ளைக் குதிரை எஃப்7-ஐ வெட்டித் தன்னைத் தியாகம் செய்கிறது. கருப்பு ராஜா அதை வெட்டியதும், வெள்ளை ராணி எஃப்3-க்கு வந்து செக் வைக்கிறது. அதே நகர்வில் ராணியும் பிஷப்பும் சேர்ந்து டி5 குதிரையையும் தாக்குகின்றன. குதிரையைக் காப்பாற்ற வேண்டுமானால் ராஜா இ6-க்கு, பலகையின் நடுவே வர வேண்டும்.

திரும்ப வெட்டிய அந்த ஐந்தாவது நகர்வையே எஞ்சின் தவறு என்று குறிக்கும். ஆனால் அதே நகர்வை மூன்று பேர் மூன்று காரணங்களால் ஆடியிருக்கலாம். முதலாமவருக்கு இந்த ஓப்பனிங் (ஆட்டத் தொடக்க நகர்வு வரிசை) தெரியாது. குதிரையை சி6-இலிருந்து ஏ5-க்கு நகர்த்தி பிஷப்பைத் தாக்கும் வழக்கமான விடையை ஒருமுறை கற்றுக்கொண்டால் அவருடைய சிக்கல் தீர்ந்துவிடும். இரண்டாமவர் எஃப்7 தியாகத்தைப் பார்த்தார். ராஜா வெட்டிவிட்டால் ஒரு காய் மிச்சம் என்று கணக்கை அங்கேயே நிறுத்திவிட்டார், அடுத்து வரும் செக்கை எண்ணவில்லை. மூன்றாமவர், வெட்டப்பட்டால் திரும்ப வெட்ட வேண்டும் என்ற பழக்கத்தில் இரண்டே நொடியில் ஆடிவிட்டார். மூவருக்கும் ஓப்பனிங் பாடத்தைக் கொடுத்தால் முதலாமவர் மட்டுமே பயன்பெறுவார். மற்ற இருவரும் வேறொரு நிலையில் இதே தவறைச் செய்வார்கள். தொடக்கநிலையாளர்கள் ஓப்பனிங் மீது சுமத்தும் பழியில் பெரும்பகுதி உண்மையில் இரண்டாவது, மூன்றாவது வகையைச் சேர்ந்தது என்பதே என் கணிப்பு.

இறுதி ஆட்டத்தில் நிலைமை வேறு. அங்கே அறிவின்மைதான் பெரும்பாலும் காரணம். வெள்ளை ராஜா இ5, சிப்பாய் இ4, கருப்பு ராஜா இ7 என்ற நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். கருப்பு ஆட வேண்டிய முறையென்றால் வெள்ளை வெல்கிறது. வெள்ளை ஆட வேண்டிய முறையென்றால் ஆட்டம் சமன். ராஜாக்கள் ஒரு கட்டம் இடைவிட்டு எதிரெதிரே நிற்கும்போது ஆட வேண்டியவரே வழிவிட நேரும் என்பதே ஆப்பொசிஷன். இந்த விதியை அறியாதவர், கடைசி யானைகளை மாற்றிக்கொண்டு இத்தகைய நிலைக்கு வரும் அந்த ஒரு நகர்விலேயே வெற்றியைச் சமனாக்கிவிடலாம்.

படி 6: கடிகாரத்தைச் சேர்த்துப் பார்த்தல்

லிச்செஸின் ஆய்வுப் பக்கத்தில் ஒவ்வொரு நகர்வுக்கும் செலவான நேரம் வரைபடமாகக் கிடைக்கும். குறித்துவைத்த தவறுகளுக்கு எதிரே அந்த நொடிகளையும் எழுதுங்கள். பத்து நிமிட ஆட்டத்தில் ஏழு நிமிடம் மீதமிருக்கத் தோற்பவரும், இருபதாவது நகர்விலேயே நாற்பது நொடிக்கு இறங்கிவிடுபவரும் ஒரே ரேட்டிங்கில் இருக்கலாம். முன்னவர் முக்கியமான இடத்தில் நிற்கப் பழக வேண்டும். பின்னவர் எளிய நகர்வுகளில் நேரத்தைக் கரைக்காமல் இருக்கப் பழக வேண்டும். தோல்விக்குப் பின் உடனே தொடங்கிய ஆட்டங்களில் தவறுகள் கூடுகின்றனவா என்பதையும் ஆட்டங்களின் நேரத்தை வைத்துச் சரிபாருங்கள்.

படி 7: பலத்தையும் எழுதுதல்

பலம் தெரியாமல் பலவீனத்தை மட்டும் பட்டியலிட்டால் ஆட்டக்காரர் சோர்ந்துபோவார். பயிற்சியும் தவறான திசையில் போகும். லிச்செஸின் ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரரில் ஆட்டக்காரரின் பெயரையும் நிறத்தையும் கொடுத்தால், எந்தத் தொடக்கத்தில் அவர் எத்தனை வென்றார், எத்தனை தோற்றார் என்று தெரியும். ஒரு தொடக்கத்தில் மூன்று ஆட்டங்கள் மட்டுமே இருந்தால், அதைக் கொண்டு எந்த முடிவுக்கும் வர வேண்டாம். புதிர்கள் தீர்க்கும் பழக்கமுள்ளவராயின், கருப்பொருள் வாரியாகப் பிரித்துக் காட்டும் புதிர்ப் பலகையையும் பாருங்கள். சாதகம் கூட்டல் மூன்றைத் தாண்டிய ஆட்டங்களில் எத்தனையை வெற்றியாக முடித்தார், அதே அளவு பின்தங்கிய ஆட்டங்களில் எத்தனையை மீட்டார் என்று எண்ணுங்கள். மோசமான நிலையிலும் விடாமல் போராடி எதிராளியைத் திணறவைப்பவர் உண்டு. எஞ்சின் அறிக்கையில் அது எங்கும் பலமாகப் பதிவாவதில்லை. நீங்கள்தான் எழுத வேண்டும்.

படி 8: ஒரு காரணம், ஒரு பயிற்சி

குறிப்பேட்டில் எந்தக் காரணம் மிகுதியாக வருகிறதோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மிரட்டலைப் பார்க்காதவர், ஒவ்வொரு நகர்வுக்கும் முன் எதிராளிக்கு என்ன செக் இருக்கிறது, எதை வெட்ட முடியும், அடுத்து எதைத் தாக்க முடியும் என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழக வேண்டும். நேரக் கெடு வைத்த புதிர்ப் பந்தயங்களை அவர் சிறிது காலம் தவிர்ப்பது நல்லது. கணக்கைப் பாதியில் நிறுத்துபவர், புதிரின் கடைசி நகர்வு வரை மனத்தில் கண்ட பிறகே முதல் காயைத் தொட வேண்டும். இறுதி ஆட்டத்தில் தடுமாறுபவர் ராஜா, சிப்பாய் நிலைகளில் தொடங்கி, பிறகு யானை ஆட்டத்தின் லூசேனா (முன்னிலையில் இருப்பவர் வெல்லும் முறை), ஃபிலிடோர் (பின்தங்கியவர் சமன் செய்யும் முறை) நிலைகளுக்குச் சென்று, அவற்றை எஞ்சினுக்கு எதிராக ஆடிப் பார்க்கலாம். திட்டமில்லாமல் ஆடுபவர், தன் காய்களில் எது மோசமான இடத்தில் இருக்கிறது என்று தேடி அதைச் சரிசெய்வதைத் தொடக்கத் திட்டமாகக் கொள்ளலாம். நேர நெருக்கடியில் சிக்குபவருக்கு, நகர்வுக்குப் பத்து நொடி கூடும் ஆட்டங்கள் உதவும். இந்த எஞ்சின் வேலை எல்லாம் ஆட்டம் முடிந்த பிறகுதான். ஆட்டத்தின் நடுவே எஞ்சினைப் பார்ப்பது விதிமீறல், கணக்கே முடக்கப்படும்.

நான்கு முதல் ஆறு வாரம் அந்த ஒரு பயிற்சியையே தொடர்ந்துவிட்டு, புதிதாக ஆடிய ஆட்டங்களில் அதே எண்ணிக்கையை எடுத்து, இதே படிகளில் மீண்டும் ஆராயுங்கள். ரேட்டிங் உயர்ந்ததா என்பதைவிட, அந்தக் காரணம் எதிரே எழுதப்பட்ட தவறுகள் குறைந்தனவா என்று பாருங்கள். குறைந்திருந்தால் பட்டியலில் அடுத்த காரணத்திற்குச் செல்லலாம். குறையவில்லை என்றால், பயிற்சியை இரட்டிப்பாக்குவதற்கு முன் ஐந்தாம் படிக்குத் திரும்பி, காரணத்தைச் சரியாகத்தான் எழுதினோமா என்று ஆட்டக்காரரிடமே மீண்டும் கேளுங்கள்.